எமில்டாவுக்கு வந்தது காய்ச்சல் அல்ல

தோர்ண்டன் ஹீத்
20.05.2025

அன்பு மகள் டயனாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். மாதாவின் தயவில் நானும் அப்பாவும் எழும்பி நடமாடுகிறோம், நீயும் மருமகனும் கோசிகாக் குஞ்சும் பேர்த்தில் சுகமாய் இருக்கவேண்டுமென்று இரண்டு நேரமும் செபிக்கிறோம். சுகம் என்று நீ சொன்னாலும் நான் அதை அரைவாசிதான் நம்புவேன் என்பது உனக்குத் தெரியும், அதைப் பிறகு கதைப்போம். கிழமைக்குக் கிழமை போனில் முகம் பார்க்கிற காலத்தில் அம்மா ஏன் பேனையைப் பிடிக்கிறாள் என்று யோசிப்பாய். போனில் எனக்குப் பாதிதான் விளங்குகிறது, காதுக் கருவியைப் போட்டால் உன் குரலோடு குசினித் தண்ணிக் குழாயும் சேர்ந்து இரைகிறது. விளங்காததற்குத் தலையாட்டுவதும் விளங்கினதற்குச் சும்மா இருப்பதும் எனக்குப் பழகிப்போய்விட்டது. போன ஞாயிறு நீ ஒன்று கேட்டாய், "அம்மா, எமில்டா சித்தி உண்மையாக் காய்ச்சலிலையோ செத்தவ?" என்று. நான் காதைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போனை அப்பாவிடம் கொடுத்தேன். எனக்குக் கேட்டது மகள். ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் உன்மேல் உள்ள கோபத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதெல்லாம் எழுத வராது. மாசியில் கோசிகாவின் எட்டாவது பிறந்தநாள் படங்கள் அனுப்பினாய். எல்லோரும் பிள்ளையின் சட்டையைப் பார்த்தார்கள், நான் கேக்குக்குப் பின்னால் பார்த்தேன். பிறிட்ஜுக்கு மேலே ஒரு மருந்துப் போத்தல், பக்கத்தில் ஊசியில்லாத பிளாஸ்ரிக் சிறிஞ். என்ன மருந்தென்று கேட்டதற்கு விற்றமின் என்றாய். விற்றமினை யார் சிறிஞ்சில் அளந்து கொடுக்கிறார்கள்? பிள்ளையின் கன்னத்தில் ஒரு கண்டல், சைக்கிளால் விழுந்தவள் என்றாய். அதற்கு முதல் மாதந்தான் அவளுக்குச் சைக்கிள் வாங்கப் பயமாயிருக்கிறது என்று சொன்னாய். நீ சின்னதிலிருந்தே ஒழுங்காய்ப் பொய் சொல்லத் தெரியாதவள். நான் அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, போத்தலில் இருந்த எழுத்தைத் துண்டில் எழுதிக்கொண்டு லண்டன் றோட்டில் மருந்துக்கடையில் நிற்கிற பிரமிளாவிடம் போனேன், வட்டக்கச்சிப் பிள்ளை, மருந்துப் படிப்புப் படித்தவள். யாருக்கென்று கேட்டாள், ஒரு சிநேகிதியின் பேத்திக்கு என்றேன். வல்ப்ரோயேற் என்று வாசித்துவிட்டு, அன்ரி, இது பெரும்பாலும் வலிப்புக்குக் கொடுக்கிறது என்றாள். நான் ஒரு ஷாம்பூப் போத்தலுக்குக் காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். வீட்டுக்கு வந்து அப்பாவுக்கும் சொல்லவில்லை. உன் மாமியார் ராஜலட்சுமிதான் எங்களுக்குச் சொல்லவேண்டாம் என்று உன் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறா என்று நினைத்தேன். அது பிழை என்று இப்போது தெரியும். அம்மாவுக்குத் தெரிந்தால் கோயில் பங்கு முழுக்கத் தெரிந்துவிடும் என்று நீதான் பயந்திருக்கிறாய். சரி, அந்தப் பயத்தில் நியாயம் இல்லையென்று நான் சொல்லமாட்டேன்.

இனி என் பக்கத்துக்கு வருகிறேன். சீனி வருத்தம், இங்கத்தைத் தமிழ் நோட்டீசில் நீரிழிவு நோய், உள்ளவர்களுக்கு வருடத்துக்கு ஒருதரம் கண்ணைப் படம் எடுப்பார்கள், மாசிக் கடைசியில் எனக்கும் எடுத்தார்கள். வழமையில் ஒன்றுமில்லை, அடுத்த வருடம் வாருங்கள் என்று கடிதம் வரும். இந்தமுறை பெரிய டொக்டரைப் பார்க்கச் சொல்லி வந்தது. போனால் அங்கே இருந்தது மலேசியாத் தமிழ்ப் பிள்ளை ஒருவர், டொக்டர் நீலவேணி, நாற்பது வயது மதிக்கமுடியாது. வாங்கம்மா உட்காருங்க என்று தமிழில் சிரித்துக்கொண்டு தொடங்கினார். எனக்கு அந்தச் சிரிப்பே பிடிக்கவில்லை. குரோய்டனில் அந்தப் பெரிய கந்தோரில் அகதி விண்ணப்பத்துக்கு எங்களை விசாரித்தபோது பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளரும் தமிழில் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஒரே கேள்வி முதலில் ஒரு பக்கத்தால் வரும், ஒரு மணித்தியாலம் கழித்து வேறு பக்கத்தால் வரும். அப்பா ஒரு திகதியை மாறிச் சொல்லிவிட்டு அதை விளங்கப்படுத்தப் பட்ட பாடு உனக்கு ஞாபகம் இருக்காது, உனக்கு அப்போது எட்டு வயது. அன்றைக்குப் படித்த பாடம், கேட்கிறவர் எவராயிருந்தாலும் முதல் சொன்ன மறுமொழியைக் கடைசிவரை மாற்றக்கூடாது.

இவரும் அப்படியே கேட்டுக்கொண்டு போனார். சீனி எத்தனை வயதில் வந்தது, முப்பத்தெட்டில். அப்போது உடம்பு வைத்திருந்தீர்களா, இல்லை, நான் எப்போதும் இப்படி ஈர்க்குத்தான். காது எப்போது கேட்காமல் போகத் தொடங்கியது, அதற்குக் கொஞ்சம் முந்தி. உங்கள் அம்மாவுக்குக் காது கேட்டதா. இதை எதற்குக் கேட்கிறார் என்று யோசித்துக்கொண்டே, இல்லை, அவவுக்கும் நாற்பதோடு மந்தமாகிவிட்டது, சீனியும் இருந்தது என்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டு நேரே என் முகத்தைப் பார்த்துக் கேட்டார், "அம்மா, உங்க கூடப் பிறந்தவங்க, இல்லாட்டி பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க யாருக்காச்சும் சின்ன வயசுல வலிப்பு வந்திருக்கா?"

சீனிக்கு வந்த மனுசியிடம் வலிப்பை ஏன் கேட்கிறார்? யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்றுதான் பட்டது. இல்லை, ஒருத்தருக்கும் இல்லை என்றேன். அவர் விடவில்லை. சின்ன வயதில் தவறிப்போன சகோதரங்கள் உண்டா என்று அடுத்த பக்கத்தால் வந்தார். ஒரு தங்கச்சி, காய்ச்சல், மலேரியா என்றேன். நாற்பது வருடமாகச் சொல்லிப் பழகின மறுமொழி, தடங்கல் இல்லாமல் வந்தது. சலம், அவரின் சொல்லில் சிறுநீர், எடுத்துத் தரச்சொல்லி ஒரு சின்னப் போத்தல் தந்தார், பரம்பரைச் சோதனை என்று ஒரு கடதாசியில் ஒப்பமும் வாங்கினார். இரத்தத்தை விட்டுச் சலத்தை ஏன் கேட்கிறார்கள் என்று அதிலும் எனக்குச் சந்தேகம். அதில்தான் தெளிவாகத் தெரியுமாம்.

அடுத்தநாள் நேரே பிரமிளாவிடம் போய், என் பேத்தியின் மருந்தைப்பற்றி ஆஸ்பத்திரியில் யாருக்கும் சொன்னாயா என்று கடைக்குள் வைத்தே கேட்டேன். அந்தப் பிள்ளைக்கு முகம் செத்துப்போய்விட்டது. அன்ரி, சிநேகிதியின் பேத்தி என்றல்லவா சொன்னீங்கள் என்றாள். அப்போதுதான் என் வாயாலேயே நான் பிடிபட்டது விளங்கியது. அவள் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. கோசிகாவைப்பற்றி அந்த டொக்டருக்குத் தெரிய வழியில்லை, எமில்டாவைப்பற்றி இந்த லண்டனில் எவருக்குமே தெரியாது. பிறகு எப்படிக் கேட்டார்? வீட்டுக்கு வந்து மீன் வெட்டிக்கொண்டு இதையே நினைத்தேன். என் தாய்க்குச் சீனியும் காதும். எனக்குச் சீனியும் காதும். எமில்டாவுக்கு வலிப்பு. கோசிகாவுக்கு வலிப்பு. மனிதர் ஒருத்தரும் சொல்லாமல் டொக்டருக்குத் தெரியுமென்றால் வருத்தந்தான் தன்னைப்பற்றித் தானே சொல்லியிருக்கவேண்டும். கத்தியை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தேன்.

நீ கேட்டதற்கு மறுமொழி இதுதான் மகள். எமில்டா காய்ச்சலில் சாகவில்லை. என்னிலும் இரண்டு வயது இளையவள். வளர்த்தி குறைவு, பத்து வயதில் ஆறு வயதுப் பிள்ளை மாதிரி இருப்பாள், மாடிப்படி ஏறினால் கால் நோகுது என்று இருந்துவிடுவாள். அடிக்கடி தலையிடியும் சத்தியும், தின்றதெல்லாம் வாந்தியாய்ப் போய்விடும். ஒன்பது வயதில் பேசாலைக் கோயிலில் பூசை நேரம் முதல்தரம் வலிப்பு வந்தது. பிறகு பிறகு கூடியது. ஒருமுறை வந்துவிட்டுப் போனபின் நாலு நாள் அவளுக்கு ஒரு பக்கம் கண் தெரியவில்லை. மன்னார் ஆஸ்பத்திரிக்கு என் தாய் அவளை இரண்டுதரந்தான் கொண்டுபோனா, மூன்றாந்தரம் கொண்டுபோனால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று. பதின்மூன்று வயதில் ஒரு வியாழக்கிழமை காலையில் தொடங்கின வலிப்பு நிற்கவேயில்லை. சவப்பெட்டி வருவதற்கு முன்னமே என் தாய் என்னை அறைக்குள் கூப்பிட்டு, கேட்கிற ஆட்களுக்குக் காய்ச்சல் என்று சொல்லு, உனக்கு ஒரு கலியாணம் நடக்கவேண்டும் என்றா. எனக்குப் பதினைந்து வயது. வாசலில் நின்று வந்த ஆட்களுக்கெல்லாம் நான்தான் சொன்னேன். அந்தப் பொய் எனக்காகச் சொன்ன பொய், நான் அதில்தான் கலியாணம் முடித்தேன், அதில்தான் உன்னைப் பெற்றேன். பேர்த்தில் டொக்டர் உங்கள் குடும்பத்தில் யாருக்கும் வலிப்பு உண்டா என்று உன்னைக் கேட்டபோது நீ இல்லை என்று சொல்லியிருப்பாய். நீ பொய் சொல்லவில்லை. நான் உனக்குத் தந்ததை நீ சொன்னாய்.

இன்னொன்றும் எழுதவேண்டும், இதை அப்பாவும் அறியார். மீன் வெட்டின அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நான் ஆறு கிழமை சொல்லவில்லை. போனைக் கையில் எடுப்பேன், பிறகு நான் சொன்னால் நீ அதை உன் வீட்டில் சொல்லவேண்டிவரும், ராஜலட்சுமி காதில் விழும், சோதனை முடிவு வரட்டும், வேறென்னவோ என்று வந்தாலும் வரலாம் என்று வைத்துவிடுவேன். தவக்காலம் முழுவதும் வெள்ளிக்கு வெள்ளி சிலுவைப்பாதைக்குப் போனேன், பாவசங்கீர்த்தனமும் செய்தேன், அதைக் கேட்ட சாமியாருக்கும் இதைச் சொல்லவில்லை. அந்த ஆறு கிழமையும் பிள்ளை அந்த மருந்தைக் குடித்துக்கொண்டிருந்தாள். இதை நீ மன்னிக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை, தெரிந்திருக்கவேண்டும் என்று எழுதுகிறேன்.

மே முதலாந் திகதி முடிவு சொல்லக் கூப்பிட்டார்கள். எனக்குக் காது விளங்காது என்று அப்பாவும் வந்தார். டொக்டர் நீலவேணி ஆறுதலாய், வாயைப் பார்த்து விளங்கக்கூடிய மாதிரிச் சொன்னார். உடம்பில் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் சக்தி உண்டாக்குகிற சின்னச் சின்ன எஞ்சின் மாதிரி ஒன்று இருக்கிறதாம், மைற்றோகொண்ட்ரியா என்று அப்பா துண்டில் எழுதி வாங்கினார். அது தாயிடமிருந்து மட்டுந்தான் பிள்ளைக்கு வருமாம், தகப்பனிடமிருந்து வராதாம். எனக்கு அதில் ஒரு பிழை இருக்கிறது. பிழை எவ்வளவு பங்கு, எந்த உறுப்பில் என்பதைப் பொறுத்து ஒருவருக்குச் சீனியாகவும் ஒருவருக்குக் காதாகவும் வரும், சில பிள்ளைகளுக்கு மூளையைத் தொட்டு வலிப்பாகவும் வரலாம் என்றார். பதினைந்து வருடமாய்ப் போட்ட மெற்போமின் குளிசை இந்த வகைக்கு நல்லதில்லை, அதை நிற்பாட்டி இன்சுலினை மாற்றி எழுதுகிறேன் என்றார். பிறகு படம் கீறின கடதாசி ஒன்றை என் பக்கம் திருப்பினார். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். எனக்குப் பக்கத்தில் ஒரு வட்டத்துக்குக் குறுக்கே கோடு போட்டு மலேரியா என்று எழுதியிருந்தது. மூன்றாந்தரம் கேட்டார், அவங்களுக்கு நிசமாவே காய்ச்சல்தானா அம்மா என்று.

நான் அப்பாவைப் பார்க்கவில்லை. "இல்லை. வலிப்பு. அவளின்ரை பேர் எமில்டா. என்ரை பேத்திக்கும் வலிப்பு," என்றேன். கைப்பைக்குள் இருந்து போனை எடுத்துப் போத்தல் படத்தைக் காட்டினேன். அதுவரை சிரித்த முகமாய் இருந்த டொக்டர் கதிரையை முன்னுக்கு இழுத்தார். இந்த மருந்து பொதுவில் நல்ல மருந்துதான், ஆனால் இந்தப் பிழை உள்ள பிள்ளைகள் சிலருக்கு ஈரலைத் தாக்கும், வலிப்பையும் கூட்டலாம், முடிந்தவரை கொடுக்கமாட்டோம் என்றார். ஆனால் நீங்களாக நிற்பாட்டச் சொல்லக்கூடாது, சடாரென்று நிற்பாட்டினால் அதுவும் ஆபத்து, பிள்ளையைப் பார்க்கிற டொக்டருக்கு இன்றைக்கே தெரியவேண்டும் என்று சொல்லி அந்த இடத்திலேயே ஒரு கடிதம் அடித்துத் தந்தார். அப்பா அதைப் படம் எடுத்துக்கொண்டு வெளியே போய் மருமகனைக் கூப்பிட்டார். உங்களுக்கு அங்கே பின்னேரம் ஆறு மணி. அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், நீங்கள் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது, ஈரல் சோதனை கொஞ்சம் ஏறியிருந்தது, இரண்டு நாள் வைத்து மருந்தை மாற்றினது. ஈரல் இறங்கிவிட்டது என்றும், கோசிகாவின் பரம்பரைச் சோதனையும் என்னுடையது மாதிரியேதான் என்றும் போன வெள்ளி மருமகன் அப்பாவுக்குச் சொன்னார். நீ எனக்குச் சொல்லவில்லை.

உனக்குத் தெரியாதது இங்கே நடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் வந்தோம். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். எங்கள் தரிப்பில் இறங்கி வீட்டுக் கதவைத் திறக்கும்போது, அப்பா திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "முப்பத்தாறு வரியம். எனக்கும் காய்ச்சல் எண்டுதான் சொன்னனீ," என்றார். பத்து நாள் சாப்பாடு, மருந்து தவிர என்னோடு பேச்சில்லை. எனக்கு அவர்மேலும் சந்தேகம், முந்தித் தெரிந்திருந்தால் என்னைக் கட்டியிருப்பாரோ என்று. அதைக் கேட்டேவிட்டேன். யோசித்துவிட்டு, தெரியாது என்றார். ஓம் என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். தெரியாது என்றதை நம்புகிறேன். பிறகு அவரே கோயில் கந்தோருக்குப் போய் எமில்டாவின் பெயரில் பூசைக்குக் கொடுத்துவிட்டு வந்தார். யாரென்று கேட்ட பெண்ணிடம், மச்சாள், வலிப்பில் செத்தவ என்று சொன்னாராம்.

ராஜலட்சுமி சம்பந்தியம்மா தாய்வழியால்தான் வந்தது என்று சொல்லுவா, உன் முகத்தைப் பார்த்தே சொல்லுவா. இந்தமுறை அவ சொல்வது சரி, நீ வாதாட வேண்டாம். ஆனால் தோஷம் என்று கழிப்புக் கழிக்க, நூல் கட்ட என்று பிள்ளையை எங்கேயும் கூட்டிப்போக விடாதே, விரதம் என்று பட்டினி போடவும் விடாதே. கோசிகாவின் வயிறு நெடுநேரம் காயக்கூடாது, காய்ச்சல், சத்தி வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாது, டொக்டர் கடிதம் எப்போதும் கைப்பையில் இருக்கவேண்டும். உன் தம்பி றொஜனுக்கு நானே சவுத்தாலுக்குப் போய்ச் சொன்னேன். அவனுக்கும் இருக்கலாம், அவனால் அவன் பிள்ளைகளுக்குப் போகாது என்று டொக்டர் சொன்னதை மட்டும் கேட்டுவிட்டு, அப்ப பிரச்சினை இல்லை என்று சிரிக்கிறான். சோதனைக்குப் போனதாகச் சொல்கிறான். எந்த நாள், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டால் கதையை மாற்றுகிறான். போகவில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. நீயும் ஒருக்கால் அவனை நெருக்கு. டொக்டர் நீலவேணி இது ஒருத்தரின் குற்றமும் இல்லை அம்மா என்று இரண்டுதரம் சொன்னார். இரண்டுதரம் சொன்னபடியால் எனக்கு அதிலும் ஐமிச்சம். வருத்தம் என் குற்றமில்லை, வாய் என் குற்றம் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக உன் கதை. என்னிடமிருந்து கோசிகாவுக்குப் போயிருக்கிறதென்றால் உன்னூடாகத்தான் போயிருக்கும், அதற்கு டொக்டர் தேவையில்லை. உனக்கு முப்பத்துநாலு வயது. போன ஞாயிறு நான் உன் பேச்சைக் கேட்கவில்லை என்று நீ நினைத்த நேரமெல்லாம் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை வலப்பக்கம் நின்று கூப்பிட நீ திரும்பவில்லை, இடப்பக்கம் வந்து கூப்பிடத்தான் திரும்பினாய். இருபது நிமிசத்தில் மூன்றுதரம் தண்ணி குடித்தாய். சட்டை தோளில் நிற்கவில்லை. எனக்குத் தொடங்கினதும் இப்படித்தான். நீ சோதித்துவிட்டு எனக்கு ஒளிக்கிறாயோ, பயத்தில் சோதிக்காமலே இருக்கிறாயோ தெரியாது. இரண்டில் எதுவென்றாலும் இந்தக் கிழமைக்குள் சீனியையும் காதையும் பார்ப்பித்து, அந்தக் கடதாசியைப் படம் எடுத்து அனுப்பு. சுகம் என்று வாயால் சொல்லாதே, நான் நம்பமாட்டேன். என் சந்தேகம் இதுவரை பிழையாய்ப் போனது குறைவு. இந்த ஒன்றாவது பிழையாய்ப் போகவேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் நெற்றியிலும் கோசிகாவின் நெற்றியிலும் இங்கிருந்தே சிலுவை போட்டுவிடுகிறேன். மருமகனை ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக, நல்ல பிள்ளை. கடதாசியை மறக்காதே. திகதி தெரியக்கூடியதாய்ப் படம் எடு.

உனக்கு இனி ஒன்றும் ஒளிக்காத
அம்மா
யா. பெர்னடெற்